ஏழு சிவப்புப் புள்ளிகள்

"அவன் மூஞ்சியப் பாக்காத. கையப் பாரு. கண்ணச் சிமிட்டின, உள்ள இருக்கறது காணாமப் போயிடும்" என்றார் அப்பா, என் காதோரம்.

மெக்கானிக் அப்போதுதான் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். எங்கள் குடியிருப்பில் அவருக்கு 'ஊதல்' என்று பெயர். எதைத் திறந்தாலும் முதலில் 'ப்ப்பூ' என்று ஊதித் தூசியைப் பறக்கவிட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. நாற்பது வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அவர்தான் வைத்தியர்.

எங்கள் கம்ப்யூட்டருக்கு வயது ஒன்பது. நான் கார்ட்டூனுக்கு விதவிதமாகக் குரல் கொடுத்துச் செய்யும் வீடியோவை ஓட்டினால், அப்பாவின் குறட்டை மாதிரி இழுத்து இழுத்து நின்றுவிடும். பாவம் பார்த்துச் சித்தப்பா ஒரு புது கிராபிக்ஸ் கார்டு அனுப்பிவைத்தார். அதை மாட்டத்தான் ஊதல் வந்தார்.

கடையில் கொண்டுபோய் விட அப்பா ஒப்பவே இல்லை.

"உள்ள இருக்கறத உருவிட்டு டப்பாவைத் திருப்பித் தருவான். எங்க ஆபீஸ்ல என்னைத் தாண்டி ஒரு பேனா மூடி வெளிய போகுமா?"

போகாது. அப்பா ஸ்டோர்ஸ் மேனேஜர். சாயங்காலம் கேட்டில் நின்று எல்லாருடைய சாப்பாட்டுப் பையையும் திறந்து பார்ப்பவர்.

முந்தின நாளே பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ஒவ்வொன்றிலும் என் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைக்கச் சொன்னார். மாற்றிவிட்டால் தெரிந்துவிடுமாம். ஏழு வைத்தேன். எட்டாவதாக ஹார்டு டிஸ்க் பக்கம் போனபோது, "அது வேணாம். அது போன வருஷம் நானே கொண்டுவந்து மாட்டினது" என்றார்.

ஊதல் ஊதினார். பழைய கார்டைக் கழற்றினார். புதிதை வைத்துப் பார்த்தார். போகவில்லை.

"சார், கார்டு நீளமா இருக்கு. ஹார்டு டிஸ்க்ல இடிக்குது. அதக் கழட்டி மேல் அடுக்குல மாட்டணும்."

"அதத் தொடாம முடியாதா?"

"இடிக்குதே சார்."

"ஆரம்பிச்சுட்டாருய்யா!" என்று அம்மாவிடம் முணுமுணுத்தார் அப்பா.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. ஆபீஸ் கேட்டிலிருந்து.

"லீவு நாள்லயும் நான்தான் சொல்லணுமா? பையத் திறக்கச் சொல்லு! திறக்க மாட்டேன்னு சொன்னாலே திருடன்தான்!"

கத்திக்கொண்டே பால்கனிக்குப் போனவர், 'பார்த்துக்கோ' என்று எனக்குக் கண் காட்டிவிட்டுப் போனார்.

ஊதல் ஹார்டு டிஸ்க்கை உருவினார். திருப்பினார். ஊதுவதற்காக வாயைக் குவித்தவர், ஊதவில்லை.

பால்கனியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பாப்பா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டு வாம்மா."

அட, இந்த வித்தை என்னிடமேவா?

"இதோ கொண்டு வர்றேன் அங்கிள்..." என்று தூரப் போவதுபோல் குரலை மட்டும் தேய்த்துத் தேய்த்துச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, நான் அறைவாசலிலேயே நின்றேன். அணைந்து கிடந்த மானிட்டர் கறுப்புக் கண்ணாடியாக எல்லாவற்றையும் காட்டியது.

நகத்தால் எதையோ சுரண்டினார். சுருட்டினார். சட்டைப் பைக்குள் போட்டார்.

பால்கனிக்குப் பறந்தேன்.

அப்பா வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது.

"பையில என்ன?"

"ஒண்ணுமில்ல சார். குப்பை."

"எங்க வீட்டுக் குப்பை உன் பைக்கு எதுக்கு?"

அம்மா குனிந்து, விரல் வைத்து எண்ணினாள். "ஏழு புள்ளியும் இருக்குங்க. விட்டுடுங்களேன்."

"புள்ளி வைக்காதது ஏதாவது போயிருக்கும்! நீ சும்மா இரு. ஏய், பையக் காட்டு."

"வேணாம் சார்."

அப்பாவின் முகத்தில் வெற்றிக் களை. "திறக்க மாட்டேன்னாலே என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். இப்பவே குடியிருப்பு குரூப்ல போடறேன். இனிமே ஒரு வீட்டு வாசப்படி நீ மிதிக்க முடியாது."

ஊதல் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "சார், பதினாலு வருஷமா இந்த நாப்பது வீட்ட நம்பித்தான் சார் என் வீட்ல அடுப்பு எரியுது. போட்டுடாதீங்க."

"அப்ப காட்டு."

"காட்டறேன் சார். பாப்பா மட்டும் கொஞ்சம் உள்ள போகட்டும்."

"ஏன் போகணும்? நிக்கட்டும்! திருடன்னா எப்படி இருப்பான்னு என் பொண்ணும் தெரிஞ்சுக்கட்டும்!"

அப்பாவின் கட்டைவிரல் போனில் எழுத ஆரம்பித்தது. ஊதல் பையைக் கையால் பொத்திக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. பாய்ந்து அந்தக் கையை விலக்கி, உள்ளே இருந்ததை உருவிவிட்டேன்.

"அப்படிப் போடு!" என்றார் அப்பா. "ஏதோ எழுதியிருக்கே! படி. சத்தமாப் படி."

சுருட்டிய ஸ்டிக்கர். பிரித்தேன். கேட்டில் நிற்கும் அப்பாவின் குரலை அப்படியே எடுத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திப் படித்தேன்.

"அலுவலகச் சொத்து. ஹார்டு டிஸ்க். வெளியே கொண்டு செல்லக் கூடாது. சரிபார்த்தவர்..."

அதற்கு மேல் அந்தக் குரல் எனக்கு வரவில்லை. கீழே பச்சை மையில் இருந்த கையெழுத்து, மார்க் குறைந்தபோதெல்லாம் என் ரிப்போர்ட் கார்டில் நானே போட்டுப் பழகியது.