எந்த மாடி?

"நீ மீசைக்காரனுக்குத்தான் பொத்தானை அமுக்குவேங்கிறதுக்கு என்னடா உத்தரவாதம்?"

ஓட்டுப் போடக் கிளம்புகிற நேரத்தில் பெரியவர் இப்படிக் கேட்டதும் மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என் மேல நம்பிக்கை இல்லையாப்பா?"

"மத்ததுக்கெல்லாம் இருக்கு. ஓட்டுக்கு இல்லை."

பெரியவருக்குப் பார்வை போன பிறகு வருகிற முதல் தேர்தல் இது. கண் தெரியாதவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். அவர்கள் சொல்லும் ஆளுக்குத் துணை வந்தவர் பொத்தானை அமுக்க வேண்டும். அந்தத் துணை யார் என்பதில்தான் ஒரு வாரமாக வீட்டில் இழுபறி.

கண் போன இடத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. மருமகள் பேப்பர் படித்துக் காட்டினால்கூட, "மீசைக்காரனைப் பத்தி நல்லதா வந்ததையெல்லாம் முழுங்கிட்டுப் படிக்கிறியாம்மா?" என்பார்.

"அப்போ துணைக்கு நான் வரட்டுமா மாமா?"

"நீ அவன் பெண்டாட்டி."

"கீழ் வீட்டு எலெக்ட்ரீஷியன்?"

"இத்தனை நாள் அவன் எனக்கு ஒரு வணக்கம் வெச்சதில்லை. இந்த வாரம் மட்டும் வெக்கிறான். ஏன்?"



வேட்பாளர் இரண்டு பேர். மீசைக்காரர், டீச்சரம்மா. வீட்டிலும் இரண்டு கட்சி. பெரியவர் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தையே லிஃப்டுக்குள் அடைத்துத்தான் பேசுவார்.

"உள்ள பத்துப் பேர் ஏறுவான். பத்துப் பேரும் பொத்தானை அமுக்கினா என்ன ஆகும்? ஒவ்வொரு மாடியிலயும் நின்னு நின்னு போகும். அந்த வேலை ஒருத்தன் கையில இருக்கணும். ராஜா காலத்துல அப்படித்தான் இருந்துது. இப்போ ஒரு பாலம் கட்டணும்னா நூறு பேர் கை தூக்கணும். மீசைக்காரன் என்ன சொல்றான்? சபையும் வேண்டாம் கிபையும் வேண்டாம், நானே பாத்துக்கறேங்கிறான். அவனுக்குத்தான் என் ஓட்டு."

மகன் மருந்துக்கடை வைத்திருப்பவன்; டீச்சரம்மா கட்சி. மாத்திரை வாங்க வருகிறவர்களுக்கு மக்களாட்சியையும் சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பான். வீட்டில் மட்டும் சும்மா இருப்பானா?

"ராஜா தப்புப் பண்ணா யாருப்பா கேக்கறது? பட்டாளத்துக்காரன் ஆண்ட நாட்டுல கேள்வி கேட்டவன் எங்க போனான்னே தெரியலை. மக்களாட்சியில குறை இருக்கலாம். ஆனா நம்ம ஓட்டு நம்மளுது. அதை எவனும் தொட முடியாது."

கடைசியில் வேறு வழியில்லாமல் மகனே துணை என்று முடிவானது.

ஓட்டுச்சாவடி வாசலில் வேட்பாளர் பட்டியல் ஒட்டியிருந்தது. மகன் படித்துச் சொன்னான். "முதல் பேரு மீசைக்காரருதுப்பா. மெஷின்ல உச்சியில இருக்கும். டீச்சரம்மா பேரு அதுக்குக் கீழ."

பெரியவர் உடனே பின்னால் திரும்பினார். "ஏம்மா, யாராவது இருக்கீங்களா? இவன் படிச்சது சரிதானா பாருங்க."

வரிசையே சிரித்தது. பின்னால் நின்ற பெண், "சரியாத்தான் படிச்சாருங்க" என்றாள். கூட வந்திருந்த மருமகளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பெற்ற பிள்ளையை ஊர் முன்னால் இப்படியா திருடன் மாதிரி நிறுத்துவது?

உள்ளே அதிகாரி மகனிடம், "அவர் சொல்றதைத்தான் அமுக்கணும். மாத்தி அமுக்கினா குத்தம். தெரியுமில்ல?" என்று எச்சரித்தார்.

"தெரியும் சார்."

மறைப்புக்குள் இரண்டு பேரும் போனார்கள். மருமகளுக்கு அவர்கள் கால்கள் மட்டும் தெரிந்தன. மெஷின் 'பீப்' என்றது. மகன் அப்பாவைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தான்.

"நீங்க சொன்ன மாதிரியே ஆச்சா பெரியவரே?" என்று அதிகாரி கேட்டார்.

பெரியவர் மகன் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார். இங்கேயும் சந்தேகத்தை ஆரம்பித்துவிடப் போகிறாரே என்று மருமகள் பயந்தாள்.

"ஆச்சு சார். நான் சொன்ன மாதிரியேதான்."

அப்பாடா!

வீடு திரும்பி, தங்கள் குடியிருப்பின் லிஃப்டுக்குள் ஏறியதும் மருமகள் பொரிந்து தள்ளிவிட்டாள். "இப்பவாவது உங்க சந்தேகம் தீர்ந்துதா மாமா? அத்தனை பேர் முன்னால அவரை எப்படி அவமானப்படுத்திட்டீங்க!"

"தீர்ந்துதும்மா" என்றார் பெரியவர். குரலில் கோபம் இல்லை. "உள்ள இவன் முழங்கையைப் பிடிச்சிக்கிட்டேதான் நின்னேன். மேல போக வேண்டிய கை கீழ போச்சு."

மருமகள் கணவனைப் பார்த்தாள்.

"ஆபீசர் கேட்டப்போ ஏம்ப்பா சொல்லலை?" என்றான் மெதுவாக.

"சொன்னா உன்னைப் பிடிச்சு உக்கார வெச்சிருப்பான். அதையும் நான் கேட்டுக்கிட்டு நிக்கணுமா?"

"அந்த ஆள் வந்தா நாடு குட்டிச்சுவராப் போயிடும்ப்பா. உங்க நல்லதுக்குத்தான் நான்..."

பெரியவர் சுவரைத் தடவி, வீடு இருக்கிற மாடிக்கான பொத்தானை அமுக்கினார். லிஃப்ட் கிளம்பியது.

"வேலை பார்த்த காலம் பூரா நான் ஒருத்தன்தான்டா பொத்தானை அமுக்கினேன். ஆனா அவங்கவங்க எந்த மாடி சொன்னாங்களோ, அந்த மாடியிலதான் இறக்கி விட்டேன்."