மணிக்கூண்டுக் கிழவர்

"ஜெரின் எங்கே?" என்று கேட்டேன்.

"இருசப்பண்ணன் வீட்டு மாடியில. ஞாயித்துக்கிழமைன்னா அங்கதான்" என்றாள் என் மனைவி ஞானமேரி, என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எத்தினி நாளா நடக்குது இது?"

"நாலஞ்சு மாசமா. ஏதோ ஜப்பான்காரன் பொம்மைப் படமாம். அனிமேன்னு பேராம். புள்ளைங்கல்லாம் கூடி உக்காந்து, எது நல்லாருக்கு, எதப் பாக்கலாம்னு பேசிக்குவாங்களாம்."

இருபத்தாறு வயதுப் பிள்ளை. கம்பெனியில் சூப்பர்வைசர். பொம்மைப் படம் பார்க்கிறான். அதுகூடப் போகட்டும். அவன் வீட்டிலா?

எட்டு வருஷத்துக்கு முன்னால், என் மகள் சிந்தியா கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "மிக்கேலு, இது ரெண்டு நாள் மீனுடா" என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னவன் இருசப்பன். என் பழைய கூட்டாளி, குருசுக்குப்பத்தில் சொந்தப் படகு வைத்திருக்கிறவன். அவனிடம் வாங்காமல் நான் வெளியே மீன் வாங்கியிருந்தேன் என்பது வேறு விஷயம். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு முழு வஞ்சிரத்தோடு என் வாசலில் வந்து நின்றான். கதவைச் சாத்தினேன். அதோடு சரி.

உட்கார்ந்தேன். எழுந்தேன். வாசல் வரை போய் வந்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மாடிப்படியில் பாதி ஏறும்போதே சத்தம் கேட்டது.

"'ஏழாவது மணிக்கூண்டு' மாதிரி இன்னொண்ணு வராதுப்பா."

"போடா, பாதி வரைக்கும் தூக்கம்தான் வருது. 'காகித நரி' பாரு, அழுதுடுவ."

"நரிக்கெல்லாம் எவன்டா அழுவான்?"

"டோனி அழுதான்."

"கண்ணுல தூசுடா!"

சிரிப்பு. அதற்குள் ஒரு பெண் குரல். இருசப்பன் மகள் அன்புசெல்வி.

"ஒரு சொல்லுக்காக இத்தினி வருசம் பேசாம இருப்பாங்களா? வீடு தேடி வந்தவங்க மூஞ்சியில கதவச் சாத்துவாங்களா?"

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா அந்த வீம்பு இருக்கே!" இது என் மகன்.

மீதிப் படிகளை எப்படி ஏறினேனோ தெரியாது.

"என்னப் பத்திப் பேச வேற எடம் கெடைக்கலையாடா ஒனக்கு?"

ஏழெட்டுப் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக இருசப்பன், கையில் வறுத்த மீன் தட்டோடு.

முதலில் வாய் திறந்தது அன்புசெல்விதான்.

"ஐயோ பெரியப்பா, ஒங்களையா? 'ஏழாவது மணிக்கூண்டு'ல ஒரு கெழவர் வருவாரு. அவரச் சொன்னோம்!"

"எந்தக் கெழவர்?"

"கொல்லரு" என்றான் டோனி.

"படகோட்டி" என்றாள் அஞ்சலி, அதே நேரத்தில்.

"மொதல்ல கொல்லரு. அப்புறம் படகோட்டி" என்றான் ஜெரின், தரையைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு அவமானமாகிவிட்டது. ஆனாலும் திரும்பிப் போகக் கால் வரவில்லை.

"கடைசியில அந்தாளு கதவத் தெறப்பானா?"

"ஸ்பாய்லர்!" என்று எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"அப்பிடின்னா?"

"முடிவ முன்னாடியே சொல்றது பெரியப்பா. எங்க கூட்டத்துல அதவிடப் பெரிய பாவம் கெடையாது. பாத்துதான் தெரிஞ்சுக்கணும்."

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் கதவைத் திறந்தானா, இல்லையா? நான்காம் நாள் ஜெரினிடமே கேட்டேன்.

"எங்கடா பாக்கறது அத?"

"போன்ல பாத்தா கீழ இங்கிலீஷ் எழுத்து ஓடும்ப்பா. தமிழ்ல பேசறது இருசப்பன் சித்தப்பா வீட்டு டிவியிலதான் வருது."

நான் ஐந்தாவது வரைதான். தமிழ் எழுத்தே நின்று நிதானமாகத்தான் வரும் எனக்கு. வேறு வழியில்லை.

"அந்தக் கெழவனப் பாக்கத்தான் வந்தேன். வேற யாரையும் பாக்க வரல" என்று அன்புசெல்வியிடம் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தேன். இருசப்பன் சோபாவில் தள்ளி உட்கார்ந்தான். எதிரில் வறுத்த மீன். நான் தொடவில்லை.

தொடர் மாதிரி, தினம் சாயங்காலம் ஒரு பகுதி. ஒரு வாரம் பேச்சே இல்லை. எட்டாம் நாள், திரையில் ஒருத்தன் வலை வீசினான்.

"இப்பிடி வீசினா செருப்புதான் மாட்டும்" என்றான் இருசப்பன், டிவியைப் பார்த்து.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல் சமாளித்தேன்.

பதினைந்தாவதில் யார் துரோகி என்று எங்களுக்குள் சண்டை. இருபதாவதில் நான் சொன்னதுதான் சரி என்று ஆனது. அன்று அவன் என்னை முறைத்தான்.

நேற்று இருபத்தாறாவது, கடைசி. மணி அடித்தது. ஊர் பிழைத்தது. பெயர்கள் ஓடின. கொல்லனும் இல்லை, படகோட்டியும் இல்லை, கதவும் இல்லை.

"எங்கடா அந்தக் கெழவன்? கடைசி வரைக்கும் வரவே இல்லையே!" என்று எழுந்து கத்தினேன்.

அன்புசெல்வி சமையலறைக்குள் நழுவினாள். ஜெரின் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

இருசப்பன் மட்டும் அசையவில்லை.

"மொத நாளே வந்துட்டானேடா மிக்கேலு. கதவத் தெறந்துக்கிட்டு வந்து, என் பக்கத்துலயே உக்காந்து, இருபத்தாறையும் பாத்து முடிச்சுட்டான்" என்றவன், தட்டை என் பக்கம் நகர்த்தினான். "இன்னிக்குப் புடிச்ச மீனத்தான் இன்னும் தொடல."