நாற்பத்தோராவது வெட்டு

ஆறாத புண்ணுக்கென்று புரதத்தில் உருவாக்கிய ஜெல் அது. தினமும் அதை பிளேடால் இரண்டாக வெட்டிச் சேர்த்துவைப்பதுதான் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. ஒரு மணி நேரத்தில் வெட்டின தடமே தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். ஒரே துண்டு ஐம்பது வெட்டு தாங்கினால் சோதனை முடிந்தது.

நாற்பதாவது வெட்டில் பிளேடு அவள் கட்டைவிரலையும் பதம் பார்த்தது. ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. ஜெல் அதை உறிஞ்சிக்கொண்டது. விதிப்படி துண்டைத் தூக்கிப்போட வேண்டும். போட்டால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவள் வாயைத் திறக்காமல் அதைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, விரலுக்குப் பிளாஸ்திரி போட்டுக்கொண்டாள். பிரிக்கச் சுலபமாக ஓர் ஓரத்தை உள்பக்கம் மடித்துவிடுவது அவள் பழக்கம். மகள் முழங்காலுக்குப் போட்டாலும் அப்படித்தான்.

காலையில் பிளாஸ்திரியை வீட்டுக் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள். ஆய்வக வாசலில் வருகைப்பதிவு மிஷினில் விரலை வைத்ததும், அவள் ஆறு பத்துக்கே உள்ளே வந்துவிட்டதாகக் காட்டியது. அப்போது மணி ஒன்பது.

காவலாளி எட்டிப் பார்த்தார். "இந்த மிஷினுக்கு அப்பப்ப மறை கழண்டுடும்மா. கதவே இன்னும் திறக்கல. இந்தாங்க சாவி."

உள்ளே போய் நோட்டில் நாற்பத்தொன்று என்று எழுதிக்கொண்டு குளிர்பெட்டியைத் திறந்தாள். ஜெல்லின் நடுவில், நேற்று வெட்டிய இடத்தில், பிளாஸ்திரி போட்டிருந்தது. ஓர் ஓரம் உள்பக்கம் மடிந்திருந்தது.

எடுத்தால்தான் வெட்ட முடியும். மடித்த ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். சுலபமாகத்தான் வந்தது.

இளஞ்சூடாக இருந்தது.