பொறுத்துக்கொண்டவன்

அடக்கம் செய்ய மஸ்தானின் ஜனாஸாவைத் தூக்குமுன் பள்ளிவாசல் லெப்பை வழக்கப்படி கேட்டார். "மையித்து யாருக்காச்சும் கடன்பட்டிருந்தா இப்பவே சொல்லிடுங்க." திரைக்குப் பின்னால் மனைவி ஜொகராவுக்குப் பயமில்லை, அவர் யாரிடமும் கைநீட்டியதில்லை. கூட்டாளி உதுமானுக்கு மளிகைக்கடை வைக்க அவர்தான் பணம் கொடுத்திருந்தார். எத்தனை முறை கேட்டும் அது திரும்பவில்லை. அந்த உதுமானே முன்னால் வந்து முகத்தைத் துடைத்தான். கண்ணீரா வியர்வையா, திரைவழியே தெரியவில்லை. "என் கூட்டாளி எனக்குத் தரவேண்டியதை அல்லாவுக்காகப் பொறுத்துக்கிட்டேன்." கூட்டம் உருகிப்போனது. இத்தாவின் துக்கநாட்கள் முடிந்ததும் ஜொகரா கடைக்குப் போனாள். அவள் வாய்திறக்குமுன்னே உதுமான் பதறி எழுந்தான். "அன்னிக்கே பொறுத்துட்டேனே மச்சி! எதுக்குக் காசைத் தூக்கிக்கிட்டு வந்தீங்க?" பணத்தை வாங்கிப்போக அவள் கொண்டுவந்திருந்த பையைக் கடையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.