சோடியத்தின் சொந்தக் குரல்

தக்காளிச் செடியின் வேரில் ஒரு சின்ன அறை. அதன் வாசலில் ஒரு கதவுப் புரதம். கதவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று சொல்ல ஒரு காவல் புரதம். பொட்டாசியம் வந்தால் உள்ளே விடலாம். சோடியம் கூட்டமாகப் புகுந்தால் இலை கருகிவிடும்.

காவல் சற்று அசந்த நேரம், வெளியே குரல் கேட்டது. "அக்கா, நான்தான் பொட்டாசியம். வெயில் மண்டையைப் பிளக்குது, திறங்கக்கா!"

கதவு மனம் இளகித் திறந்தது. திபுதிபுவென்று உள்ளே ஓடியது சோடியக் கூட்டம்.

"ஐயோ, எரியுதே!" என்று மேலே இலை அலறியது.

"குரல் அப்படியே அவன் குரல்ண்ணே!" என்று கதவு விசும்பியது.

"அழாதம்மா" என்ற காவல், கதவை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, அறையின் நடுவிலிருந்த தண்ணீர்க் கூடத்தைத் திறந்தது. பிறகு தொண்டையைச் செருமி, பொட்டாசியத்தின் குரலில் கூவியது: "ஹைய்யா, ஜில்லுனு தண்ணி! நான்தான் முதல்ல குதிப்பேன்!"

"அவனுக்கு முந்தி நாம!" என்று சோடியங்கள் கூடத்துக்குள் பாய்ந்தன. காவல் அதை இழுத்து மூடியது. இலைக்கு எரிச்சல் தணிந்தது.

"அண்ணே, இது அநியாயம்!" என்று உள்ளிருந்து ஒரு சோடியம் கீச்சிட்டது.

கதவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, இதுதான் உன் குரலாடா? நல்லாத்தானே இருக்கு!"