பின்சீட்

"கொஞ்சம் அசையாம நில்லு" என்று சொல்லிவிட்டு ஹரிகிருஷ்ணன் அந்த ஹெல்மெட்டைத் தன் மனைவி சங்கரியின் தலையில் இறக்கினான்.

கொண்டையில் செருகியிருந்த கிளிப் மண்டையில் குத்தியது.

தாடை வரைக்கும் மூடுகிற ஹெல்மெட். மலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போட்டுக்கொள்வது. மகாபலிபுரத்தில் புதிதாகத் திறந்திருந்த அந்த சைக்கிள் கடையில், இந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் மத்தியானத்திலிருந்து நிற்கிறார்கள்.

அடுத்தது கழுத்துக் காப்பு. தோள்மேல் வளையம் மாதிரி உட்காரும் கெட்டியான பட்டை. அதையும் அவளுக்கு மாட்டிவிட்டுப் பின்னால் போய் நின்று பார்த்தான். தன் பிடரியைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதே.

"மேல பாரு. இன்னும் கொஞ்சம். இடிக்குதா?"

"இடிக்குது."

"இடிக்கணும் சார்" என்றான் கடைக்கார வரதன். "தலை பின்னால மடங்காம இதான் தாங்கிக்கும். இது இல்லாம வுழுந்தா கழுத்து காலி."

ஹரிகிருஷ்ணன் திருப்தியாகத் தலையாட்டினான். இரண்டையும் அவளிடமிருந்து கழற்றினான். கிளிப்போடு நாலு முடியும் சேர்ந்து வந்தது. அவன் கவனிக்கவில்லை.

அவனுக்குக் கல்பாக்கத்தில் என்ஜினீயர் வேலை; குடியிருப்பதும் அங்கே டவுன்ஷிப்பில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு செங்கல்பட்டுப் பக்கத்துக் குன்றுகளுக்குப் போய்ப் பாறைச் சரிவில் சைக்கிளில் இறங்குவான். அந்தக் கிறுக்குப் பிடித்து ஆறு மாதம் ஆகிறது.

ஒரு மாதமாக வீட்டில் கழுத்தைப் பற்றியேதான் பேச்சு. இந்த எலும்பு நொறுங்கினால் கை வராது. அந்த எலும்பு நொறுங்கினால் மூச்சே வராது. இருக்கிறது ஒரே ஒரு கழுத்து, சங்கரி. தோசையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே சொல்வான்.

அவள் அடுத்த தோசையைத் திருப்பிப் போடுவாள். கல்லில் மாவு சீறும்.

"எனக்கு ஒண்ணு?" என்று கடையில் கேட்டாள்.

அவன் சிரித்தான். "நீ எந்த மலையில இறங்கப்போற?"

வரதனும் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

வெளியே பைக் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஹரிகிருஷ்ணன் பைக்குக்கென்று வைத்திருந்த தன் ஹெல்மெட்டைப் போட்டு வாரை இழுத்து மாட்டினான். புதுசு இரண்டும் இருந்த பையை அவளிடம் நீட்டினான்.

"மடியில வச்சுக்க. எங்கயும் இடிச்சுடாத, கீறல் விழுந்துடும்."

வண்டியைக் கிளப்பினான். "உக்காந்தாச்சா?"

இதைக் கேட்கும்போது அவன் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

சங்கரி பையைப் பிரித்தாள். முதலில் கழுத்துக் காப்பு. அதன்மேல் ஹெல்மெட். தாடைக்குக் கீழே வாரை இழுத்துப் பூட்டினாள்.

புடவையை ஒதுக்கிக்கொண்டு ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள்.

"ம்."

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி வேகம் எடுத்தது. ஹெல்மெட்டுக்குள்ளே காற்றின் இரைச்சல் இல்லை. அவளுடைய மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சங்கரி நேராகப் பார்த்தபடி வந்தாள். வேறு எங்கேயும் பார்க்க முடியவும் இல்லை.

வெங்கப்பாக்கத்துக்கு முன்னால் மீன்கூடை ஏற்றிய ஆட்டோ ஒன்று பக்கத்தில் வந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"அண்ணாத்த! பின்னால ராக்கெட்டு ஒண்ணு ஒக்காந்துகினு வருது, பாத்தியா?"

ஹரிகிருஷ்ணன் கண்ணாடியில் பார்த்தான். வண்டியைச் சட்டென்று ஓரம் கட்டினான். இருவரும் இறங்கினார்கள்.

"பைத்தியமா உனக்கு? கழட்டு அத. டவுன்ஷிப் ஆளுங்க யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"

"நினைக்கட்டும்."

"வேர்வை படும், சங்கரி. புதுசு அது."

அவள் தாடைக்குக் கீழே கையைக் கொண்டுபோனான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனை அவள் அப்படிப் பிடித்ததில்லை. அவளுடைய வளையல் அவன் தோலில் பதிந்தது.

"கைய எடுங்க."

எடுத்தான்.

"வீட்டுக்குப் போற வரைக்கும் இது என் தலையிலதான் இருக்கும். முடியாதுன்னா நீங்க போங்க. நான் பஸ்ல வரேன். அப்பவும் இதப் போட்டுக்கிட்டுத்தான் வருவேன்."

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. புழுதி அடங்கும்வரை அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கண்கள் மட்டும்தான் தெரிந்தன.

"இப்ப எதுக்கு உனக்கு இவ்ளோ கோவம்?"

நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வேறு வழியில்லாமல் அவன் வண்டியை எடுத்தான்.

போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு சாயங்காலம், சதுரங்கப்பட்டினம் பக்கம் மணலில் இதே வண்டி சறுக்கியது. அவளுக்கு நினைவு திரும்பியது செங்கல்பட்டில், ஆஸ்பத்திரிக் கட்டிலில். தலை முழுக்கக் கட்டு. கண்ணைத் திறக்க முடியவில்லை. காது மட்டும் கேட்டது.

பக்கத்தில் அவன் அவளுடைய அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நல்லவேளை மாமா, நான் ஹெல்மெட் போட்டிருந்தேன்."