யோலண்டாவின் மோட்டார்

யோலண்டாவின் சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. ரெக்ஸ் அதன் முன்னால் மண்டியிட்டு, ஃபிரேமைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"உள்ளே மோட்டார் இருக்கு. எனக்கு நல்லாத் தெரியுது."

"காத்துதான் இருக்கு தம்பி," என்றாள் யோலண்டா.

அமெரிக்கப் பாலைவனத்தில் பீனிக்ஸ் நகரத்துத் தென்மலை அடிவாரம். மணி ஏழு ஆகவில்லை, அதற்குள் கார் நிறுத்துமிடத்தின் தார் இளகி ஷூவைப் பிடித்து இழுத்தது. ஜூலை மாதத்தில் இங்கே மலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இருட்டோடு ஏறி, வெயில் பிடிப்பதற்குள் இறங்கிவிடுவார்கள். புத்தியுள்ளவர்கள் ஏறவே மாட்டார்கள்.

'விடியல் பல்லிகள்' சைக்கிள் சங்கத்துக்கு அந்த வெயிலும் போதாது. கோடையிலேயே படுமோசமான ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து உச்சிக்குப் பந்தயம் வைப்பார்கள். முதலில் ஏறுகிறவர் அடுத்த கோடை வரை 'பெரிய பல்லி'. அவர் சொல்லும் பாதையில்தான் மற்றவர்கள் ஓட்ட வேண்டும். அவர் சொல்லும் இடத்தில்தான் காலைச் சாப்பாடு.

இத்தனை நாளும் ரெக்ஸ்தான் பெரிய பல்லி. அதனால் மொத்தச் சங்கமும் ஞாயிறு தவறாமல், அவன் மனைவி ராத்திரியே ஊறவைத்த ஓட்ஸ் கஞ்சியைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கி வந்தது.

இன்று யோலண்டா ஜெயித்துவிட்டாள். ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள், பேரன் பேத்தி எடுத்தவள். பாதி ஏற்றம் வரை எல்லோருக்கும் முன்னால் பறந்த ரெக்ஸ், அதன் பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைசி ஆளாக வந்து சேர்ந்தான். அப்போது யோலண்டா பாறை நிழலில் உட்கார்ந்து, சாக்ஸில் ஒட்டிய கள்ளி முள்ளைச் சீப்பால் வாரிக்கொண்டிருந்தாள்.

"இந்த வயசுல மோட்டார் இல்லாம என்னை முந்த முடியாது!" என்று கத்தினான் ரெக்ஸ். "மோட்டார் வெச்சவங்களுக்கு நம்ம சங்கத்துல இடம் கிடையாது. வாலஸுக்கு என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது. முட்டி ஆபரேஷன் ஆன வாலஸ், டாக்டர் சொன்னதற்காகச் சின்ன மோட்டார் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தான். ரெக்ஸ் அவனை எல்லோர் முன்னாலும் வைத்தே விரட்டினான். யாரும் வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் திறக்க மாட்டார்கள் என்று யோலண்டாவுக்குத் தெரியும். வாய் கிண்டல் பேசினாலும் அவளுக்கு உள்ளுக்குள் பயம்தான். வாரம் முழுக்க அவள் காத்திருப்பது இந்த ஒரு காலைக்காக.

"டூயி, சீட்டைக் கழட்டு!" என்றான் ரெக்ஸ்.

சைக்கிள் கடை வைத்திருக்கும் டூயி சீட்டைக் கழற்றி, குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். ஒன்றுமில்லை. பெடலைச் சுற்றினான். ஒன்றுமில்லை.

கத்திக் கத்தி ரெக்ஸின் தொண்டை வறண்டுபோனது. டூயியின் தண்ணீரைப் பிடுங்கிக் கடகடவென்று குடித்து முடித்தான்.

"அடப்பாவி, உன் சைக்கிள்லயே ஃபுல் பாட்டில் இருக்கே!" என்றான் டூயி.

"பாலைவனத்துல எப்பவும் ஒரு பாட்டிலை மிச்சம் வெக்கணும்டா. இதுகூடத் தெரியாம என்ன பல்லி நீ? டயரைக் கழட்டு!"

"டயருக்குள்ள யாருடா மோட்டார் வெப்பாங்க?"

"இவங்க வெப்பாங்க!"

டயரைப் பிரித்ததும், முள் குத்தினால் ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றி வைத்திருக்கும் வெள்ளைப் பசை பீச்சியடித்து ரெக்ஸின் மூக்கு, தாடி, புது ஜெர்சி எல்லாவற்றிலும் வழிந்தது. கூட்டத்தில் யாரோ கஷ்டப்பட்டு இருமினார்கள்.

"அடுத்து என் வயித்தைக் கிழிச்சுப் பாரு," என்றாள் யோலண்டா. "மோட்டார் அங்கதான் இருக்கு. முட்டையும் சொரிஸோக் கறியும் வெச்சுச் சுருட்டின பரிட்டோ ரொட்டியிலதான் ஓடுது. எங்க நாத்தனார் கடையில சூடாக் கிடைக்கும், வாங்கித் தரட்டுமா?"

பரிட்டோ என்றதும் பத்துப் பதினைந்து தொண்டைகள் எச்சில் விழுங்கின. டூயி ஒற்றை விரலால் சைக்கிளைத் தூக்கிக் காட்டினான்.

"சுத்தமான வண்டி ரெக்ஸ். அந்தம்மாதான் பெரிய பல்லி. விட்டுடு."

"விட மாட்டேன்! எங்கேயோ ஒளிச்சு வெச்சிருக்காங்க. இந்தப் பந்தயம் செல்லாது. யோலண்டா இன்னியிலேருந்து சங்கத்துல இல்ல. யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

எல்லோரும் மும்முரமாக ஷூ லேஸைப் பார்த்தார்கள். யோலண்டா குனிந்து, பிரித்துப் போட்டிருந்த டயரைக் கையில் எடுத்துக்கொண்டாள். கண் கலங்கியதை வியர்வை துடைப்பதுபோலத் துடைத்தாள்.

அப்போது ஒரு கார் வேகமாக உள்ளே வந்து நின்றது. ரெக்ஸின் மனைவி மாரிபெத், கை நிறைய ஓட்ஸ் டப்பாக்களோடு இறங்கி ஓடிவந்தாள். வெள்ளைப் பசை வழிய நின்ற கணவனைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தோத்துட்டியா கண்ணா? எல்லாம் என்னாலதான்! ராத்திரி என் போனுக்குப் பிளக் இல்லேன்னு, உன் தண்ணி பாட்டிலைப் பாதி சார்ஜுலயே பிடுங்கிட்டேன்!"